முறிந்தது மணிக்கட்டு, மடக்க வேண்டியது விரல்

மார்கழி விடியல். இரவு முழுக்கப் பெய்த மழையில் கிணற்றடிச் சீமெந்து பாசி பிடித்து மினுங்குகிறது. திருவெம்பாவைப் பூசைக்குப் போகவேண்டும் என்று 4 மணிக்கே எழும்பிய ஆச்சி, முகம் கழுவிவிட்டு வாளியோடு திரும்புகிறார். கால் ஒரு சாண் சறுக்குகிறது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்கிறார்: கையை ஊன்றுகிறார். உடம்பின் பாரம் முழுவதும் விரித்த உள்ளங்கையில் இறங்குகிறது. சுள்ளி முறிந்ததுபோல ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து பார்க்கும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை வேறு வடிவம் எடுத்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு பள்ளம், ஒரு மேடு. "ஒண்டுமில்லைப் பிள்ளை, சாதுவாச் சுளுக்கிப் போட்டுது" என்கிறார் ஆச்சி.

இந்த ஆச்சிக்கு நாம் பெயர் வைக்கவில்லை. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தப் பகுதியிலும் எந்தப் பெயரும் அவருக்குப் பொருந்தும். வயதானவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மிக அதிகமாக ஏற்படும் எலும்பு முறிவுகளில் ஒன்று இது. கிணற்றடி, குளியலறை, மழை நனைத்த விறாந்தை, கோயில் வீதி, சைக்கிள் என்று விழும் இடம் மட்டும் மாறுகிறது.

ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போய், எக்ஸ்ரே எடுத்து, பிளாஸ்டர் போட்டுக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினால் அன்றிரவே கனடாவிலிருந்து அழைப்பு வருகிறது. "அம்மா, ஏன் சும்மா பிளாஸ்டரோடை விட்டவை? பிறைவேற்றிலை காட்டி ஒப்பரேசன் செய்யுங்கோ. காசைப் பற்றி யோசிக்காதேங்கோ."

பாசத்தில் வரும் பேச்சு. ஆனால் அதற்குள் ஒரு பிழையான கணக்கு இருக்கிறது. தகடு வைப்பது உயர்ந்த வைத்தியம், பிளாஸ்டர் ஏழை வைத்தியம் என்ற கணக்கு. 65 வயதைத் தாண்டியவரின் மணிக்கட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கைக் கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகள் திருத்திவிட்டன.

எக்ஸ்ரே அழகும் கையின் வேலையும்

முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வரும் இரண்டு எலும்புகளில் பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. மணிக்கட்டை ஒட்டிய அதன் முனை அகன்றது. உள்ளே தேன்கூடு போன்ற மென்மையான எலும்பு, வெளியே மெல்லிய ஓடு. வயதோடு அந்தக் கூடு இன்னும் வெறுமையாகிறது. முறியும்போது அந்த முனை பெரும்பாலும் புறங்கைப் பக்கமாகச் சாய்ந்து நொறுங்கும்.

1814இல் டப்ளின் நகரச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஆபிரகாம் கொலஸ் இந்த முறிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தொட்டுப் பார்த்த அனுபவத்தை மட்டும் வைத்து, முறிந்த இடத்தைச் சரியாகச் சொன்னவர் அவர். இன்றும் வைத்தியசாலைத் துண்டுகளில் 'கொலஸ் முறிவு' என்று எழுதப்படுவது அவர் பெயரால்தான். கோணல் கடைசிவரை இருந்தாலும் காலப்போக்கில் நோவு போய்க் கை வேலைக்குத் திரும்பும் என்றும் அவர் எழுதிவைத்தார். இளம் வயதினருக்கு இது பொருந்தாது என்று பின்வந்தவர்கள் அவரைத் திருத்தினார்கள். முதியவர்களைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புறூக் நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 73 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்குத் தகடும், மறுபகுதியினருக்குப் பிளாஸ்டரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. எக்ஸ்ரேயில் தகடு வைத்த எலும்புதான் நேராக இருந்தது. பிடி பலமும் அவர்களுக்கே கூட. ஆனால் ஓராண்டு கழித்து, கையின் அசைவிலும் நோவிலும் அன்றாட வேலையிலும் இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. சிக்கல்களோ சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 13, பிளாஸ்டர் பக்கத்தில் 5.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வும் ஓராண்டு முடிவில் அதையே சொன்னது. பிரித்தானியாவில் 36 வைத்தியசாலைகளில் 500 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. எலும்பை இழுத்துச் சரிசெய்தபின் கம்பி குத்துவதா, பிளாஸ்டரை நன்றாக வார்த்துப் போடுவதா என்பதே கேள்வி. ஓராண்டில் இரண்டும் சமம். ஆனால் பிளாஸ்டர் போட்டவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு எலும்பு மறுபடி விலகி, முதல் ஆறு வாரத்துக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. இந்தக் கடைசி வரியை மறக்கக்கூடாது. பிளாஸ்டர் போட்டால் வேலை முடிந்தது என்று கிளினிக்குக்குப் போகாமல் விடுபவர்களுக்காக எழுதப்பட்டது போன்ற வரி அது.

65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்வதால் நீண்டகாலத்தில் கூடுதல் பலன் இல்லை என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அமெரிக்க என்பியல் வைத்தியர்களின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது.

சட்டத்தில் மாட்டி வைப்பதற்கு எக்ஸ்ரே அழகாக இருக்கவேண்டும். பிட்டுக் குழைப்பதற்குக் கை மடங்கவேண்டும். ஆச்சிக்கு வேண்டியது இரண்டாவது.

பிளாஸ்டர் போடுவதும் ஒரு கைவினை

'சும்மா பிளாஸ்டர்' என்று சொல்பவர்கள் அது போடப்படுவதை அருகில் நின்று பார்க்கவேண்டும்.

எலும்பு விலகியிருந்தால் முதலில் அதை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முறிந்த இடத்தில் தேங்கிய இரத்தத்துக்குள்ளேயே விறைப்பு ஊசி மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடத்தில் நோவு மங்கும். ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, மற்றவர் பெருவிரலையும் விரல்களையும் பற்றி மெதுவாக, விடாமல் இழுப்பார். ஒன்றோடொன்று ஏறி நின்ற எலும்பு முனைகள் தளரும். பிறகு வைத்தியரின் பெருவிரல் அந்த மேட்டை அழுத்தி இறக்கும். கண்முன்னே முள்ளுக்கரண்டி மறைந்து கை நேராகும்.

அடுத்தது பஞ்சு, அதன்மேல் தண்ணீரில் தோய்த்த பிளாஸ்டர் துணி. நெதர்லாந்து இராணுவ வைத்தியர் அன்ரோனியஸ் மதைசன் 1851இல் செய்து காட்டிய உத்தி இது: ஜிப்சத்தைச் சூடாக்கி அதன் நீரை வெளியேற்றிய பொடியைத் துணியில் தடவி வைப்பது, நனைந்ததும் அந்தப் பொடி நீரை மீண்டும் குடித்து, சூடாகி, கல்லாகும். "சுடுகுது மிஸ்" என்று ஆச்சி பயப்படுவதும் இதனால்தான். அந்தச் சூடு இயல்பானது; சில நிமிடத்தில் ஆறும்.

கல்லாவதற்கு முந்திய அந்தச் சில நிமிடங்களில்தான் வித்தை இருக்கிறது. வைத்தியர் தன் உள்ளங்கைகளால் மூன்று இடங்களில் அழுத்திப் பிளாஸ்டரை வார்க்கிறார். வளைந்த பிளாஸ்டருக்குள்தான் எலும்பு நேராக நிற்கும் என்பது என்பியல் வைத்தியர்களிடையே பழகிய பேச்சு. உருண்டையாகச் சுற்றிய பிளாஸ்டருக்குள் எலும்பு தன் பாட்டுக்கு வழுக்கிப் போகும். வீக்கம் ஏறும் முதல் நாட்களில் முழுச் சுற்றுப் போடாமல், ஒரு பக்கத்துக்கு மட்டும் பலகைபோல் வைத்துப் பட்டி சுற்றுவதும் உண்டு. வீக்கத்துக்கு இடம் வேண்டும் அல்லவா?

ஒரு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே, இரண்டாம் வாரத்தில் இன்னொன்று. விலகியிருந்தால் அப்போதே தெரியும். ஐந்து ஆறு வாரத்தில் பிளாஸ்டர் வெட்டப்படும். யாழ் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி போன்ற இடங்களின் ஆதார வைத்தியசாலைகளிலும் நோயாளி இதற்குக் காசு கட்டுவதில்லை. அரச வைத்தியசாலை என்பதால் குறைந்த வைத்தியம் என்று எண்ணவேண்டாம்.

யாருக்குக் கத்தி வேண்டும்?

சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால், விரல்களில் விறைப்பு ஏறி நரம்பு நெரிபடுவது தெரிந்தால், மூட்டுக்குள்ளேயே எலும்பு சிதறி இடம் மாறியிருந்தால், உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து நிற்காமல் வழுக்கினால் தகடோ கம்பியோ தேவைப்படலாம்.

வயது என்பதும் ஒரு எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. 67 வயதில் உரும்பிராயிலோ அச்சுவேலியிலோ மண்வெட்டி பிடித்து வெங்காயப் பாத்தி கட்டுகிறவருக்குப் பிடி பலம் சோறு போடும் விடயம். 82 வயதில் செபமாலையோ தேவாரப் புத்தகமோ பிடிக்கும் கைக்குத் தேவை வேறு. நீரிழிவு, இருதய வருத்தம், இரத்தம் கட்டாத மருந்து ஆகியவற்றோடு வருபவருக்கு மயக்க மருந்தும் ஒரு சுமை. "நான் இந்தக் கையால் என்ன வேலை செய்கிறேன்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இல்லாத தகவல் அது; முடிவை மாற்றக்கூடியதும் அதுதான்.

புக்கையா, பிளாஸ்டரா?

குடாநாட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. முறிவு நெரிவு வைத்தியம் இந்த மண்ணில் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்று வைத்திய நூல்களே எழுந்த ஊர் இது. கைதடியில் யாழ் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. மறுபக்கத்தில், 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூல் ஒன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் வந்தது அவர் முயற்சியால்தான். இரண்டு வழிகளும் இங்கே பழையவை. இரண்டையும் மதித்துத்தான் பேசவேண்டும்.

கத்தி வைக்காமல் எலும்பைப் பொருத்தி, அசையாமல் கட்டிவைத்து, இயற்கை ஒட்டட்டும் என்று காத்திருப்பது இரண்டுக்கும் பொதுவான தத்துவம். வித்தியாசம் எக்ஸ்ரேயில் இருக்கிறது. விலகல் எவ்வளவு, மூட்டுக்குள் போயிருக்கிறதா, இரண்டாம் வாரத்தில் மறுபடி சாய்ந்ததா என்பதை விரல் நுனியால் அறிய முடியாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் முறையாகத் தமிழ்நாட்டில் பேர்போன புத்தூர் கட்டுக்கும் இதே அளவுகோல்தான். (அந்தப் புத்தூர் ஆந்திராவில் இருப்பது, நம் வலிகாமத்துப் புத்தூருக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

ஆபத்து எங்கே வருகிறது என்றால், மூலிகைப் புக்கை வைத்து மூங்கில் சிம்பு கட்டி இறுக்கும்போது. வீக்கம் ஏறும் கையில் இறுக்கம் கூடினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தசை சாகும், பின்னர் விரல்கள் பறவை நகம்போல் வளைந்து இறுகிவிடும். இறுக்கமான பிளாஸ்டராலும் இதே கேடு வரும். கட்டியவர் யார் என்பதை உடம்பு பார்ப்பதில்லை. எண்ணெய் போட்டு உருவுவதும் முதல் வாரங்களில் கூடாது. புக்கை கட்டியே தீருவேன் என்று நிற்கும் முதியவரிடம் சண்டை பிடிக்கவேண்டாம். "முதலில் ஒரு எக்ஸ்ரே, பிறகு உங்கள் விருப்பம்" என்று மட்டும் கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தபின் பெரும்பாலும் பேச்சு மாறும்.

ஆறு வாரம் யாருடைய வேலை?

பிளாஸ்டரில் கையைத் தூங்கவிட்டு, கழுத்துத் தூக்குப்பட்டியில் தொங்கவிட்டு, கதிரையில் அசையாமல் ஆறு வாரம் இருந்த ஆச்சிக்கு எலும்பு ஒட்டிவிடும். விரல்கள் மடங்காது. தோள் உயராது. சிலருக்குக் கை வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே எரியும் ஒரு கொடிய நோவும் பிடிக்கும். மணிக்கட்டுக் கோணலால் முடங்கியவர்களைவிட, பயந்து விரலை அசைக்காமல் முடங்கியவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

ஆகவே பிளாஸ்டர் போட்ட அன்றே விரல் வேலை தொடங்கவேண்டும். சரியாகப் போட்ட பிளாஸ்டர் உள்ளங்கை மடிப்போடு நின்றுவிடும். விரல் அடிமூட்டுகள் வெளியே இருக்கும். அவை வெளியே விடப்பட்டிருப்பது அசைப்பதற்காகத்தான். ஐந்து விரலையும் நன்றாக விரியுங்கள். முழுதாகப் பொத்துங்கள். பெருவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனியையும் வரிசையாகத் தொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும். நாள் முழுதும் மணி பார்க்க முடியாதென்றால் கோயில் மணியையும் தொலைக்காட்சி நாடகத்தின் விளம்பர இடைவேளையையும் கணக்கு வையுங்கள். தூக்குப்பட்டியிலிருந்து கையை எடுத்துத் தலைமயிர் வாரும் உயரத்துக்கு நாளுக்குப் பல முறை தூக்குங்கள். முதல் வாரத்தில் படுக்கும்போது கை தலையணைமேல், நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும்.

பிளாஸ்டர் வெட்டியதும் உள்ளே இருக்கும் கையைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். மெலிந்து, தோல் உரிந்து, கொஞ்சம் கோணலாக, விறைத்துப்போன கை. அது அன்றைக்குரிய தோற்றம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சைப் பிழிவது, உளுந்தில் கல் பொறுக்குவது, பிட்டுக்கு மாக் குழைப்பது ஆகிய வீட்டு வேலைகள் நல்ல பயிற்சி. இயன்மருத்துவரிடம் அனுப்பினால் ஒரு நாளும் தவறவிடக்கூடாது. தண்ணீர் வாளி, தேங்காய்ச் சாக்கு போன்ற பாரங்கள் மூன்று மாதம் பொறுக்கட்டும். சுண்டுவிரல் பக்கத்து நோவு சில மாதம் நிற்கலாம். கை ஓராண்டுவரை மெல்ல மெல்லத் தேறிக்கொண்டே இருக்கும்.

உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய அறிகுறிகள்

விழுந்தவுடன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். வீங்கியபின் வெட்டத்தான் வேண்டிவரும். கையை ஒரு தடித்த வார இதழில் வைத்துச் சால்வையால் தளர்வாகக் கட்டுங்கள். வாசித்து முடித்த இந்த இதழே போதும்.

பிளாஸ்டர் போட்டபின் கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது: நோ குறையாமல் மணிக்கு மணி ஏறுவது; விரல் நீலமாவது, வெளிறுவது, குளிர்வது; விரலைப் பிறர் நிமிர்த்தினால் தாங்கமுடியாத நோ; விறைப்பு; பிளாஸ்டருக்குள்ளிருந்து நாற்றம்; பிளாஸ்டர் நனைவது, உடைவது, ஆடுவது. இரவு 2 மணியானாலும் போங்கள். சில வாரம் கழித்துப் பெருவிரலை மேலே தூக்கமுடியாமல் போனால், அதன் தசைநார் அறுந்திருக்கலாம். சிறிய முறிவுக்கும் இது வரும்.

மணிக்கட்டு எழுதிய கடிதம்

நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு முறிந்தால், விழுந்ததை மட்டும் குறைசொல்லி முடிக்கக்கூடாது. எலும்பு மெலிந்திருக்கிறது என்ற செய்தி அது. மணிக்கட்டு முறிந்தவருக்குப் பின்னொரு நாள் இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மணிக்கட்டு முறிந்தவர் நடந்து வீட்டுக்கு வருகிறார். இடுப்பு முறிந்தவரில் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

இருந்தும் பிளாஸ்டரை வெட்டிய அன்றோடு பெரும்பாலான வீடுகளில் கதை முடிந்துவிடுகிறது. "எனக்கு ஒஸ்டியோபொரோசிஸ் இருக்குமா? மருந்து வேண்டுமா?" என்று வைத்தியரிடம் கேட்பவர் குறைவு. கிழமைக்கு ஒரு குளிசை என்ற அளவில் மருந்து உண்டு. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் சாப்பிடாமலும் இருக்கவேண்டும். இழுப்புக்கோ வாதத்துக்கோ நெடுநாள் ஸ்ரீரோயிட் குளிசை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

உணவுக்கு நாம் வெளியே போகத் தேவையில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் என்பது பொதுவான பரிந்துரை. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்தலி, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை, தயிர் எல்லாம் கணக்கில் சேரும். காலை வெயிலில் கொஞ்சம் நடப்பதும் சேரும்.

வீட்டையும் ஒருமுறை விழுந்தவரின் கண்ணால் சுற்றிப் பாருங்கள். கிணற்றடியைச் சுரண்டிப் பாசி எடுத்து, சொரசொரப்பாகச் சீமெந்து போட எவ்வளவு செலவாகும்? மலசலகூடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு, வழுக்காத செருப்பு, இரண்டு வருடமாக மாற்றாத மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் பலர் கடல் கடந்துவிட்ட குடாநாட்டில் அந்த முதுமை பல வீடுகளில் தனியாகவே கிணற்றடிக்குப் போய்வருகிறது.

கடல் கடந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒப்பரேசனுக்கு அனுப்ப நினைத்த காசில் கிணற்றடியைத் திருத்துங்கள். அடுத்த முறை வீடியோவில் பேசும்போது "நோ குறைஞ்சிட்டுதோ" என்று கேட்டதோடு வைத்துவிடாதீர்கள். "அம்மா, கையைப் பொத்திக் காட்டுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். நான்கு விரல் நுனியும் உள்ளங்கையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லையென்றால், அன்றைக்கே இயன்மருத்துவரிடம் அனுப்புங்கள்.